இயந்திரங்கள் வந்த வழி – 17: சால்ஃபோர்டில் பிறந்த சங்கிலி

சென்ற வாரம் லங்காஷயர் பஞ்சாலைகளின் கூரையடியில் ஓடிய தோல்பட்டைகளைப் பார்த்தோம். பட்டைக்கு ஒரு குணம் உண்டு. பளு கூடினால் வழுக்கிவிடும். சில எந்திரங்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் இரண்டு தண்டுகள் கணக்குப் பிசகாமல் சேர்ந்து சுழல வேண்டிய இடத்தில் வழுக்கல் உதவாது. கியர் வைத்தால் வழுக்காது என்றாலும், தண்டுகள் அருகருகே இருக்க வேண்டும். நான்கடி தள்ளியிருந்தால் நடுவே வரிசையாகக் கியர்களை அடுக்க வேண்டும். எடையும் செலவும் இரைச்சலும் ஏறும்.

அந்த நான்கடியைக் கடக்க வந்ததுதான் செயினும் ஸ்பிராக்கெட்டும். கியரின் பல் இன்னொரு கியரின் பல்லைக் கடிக்கும். ஸ்பிராக்கெட்டின் பல் சங்கிலியின் கண்ணிக்குள் நுழைந்து இழுக்கும். யோசனை எளியது, பழையதும்கூட. அதை நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில், வேகமாக ஓடும் பொருளாக்கத்தான் இரண்டாயிரம் ஆண்டு பிடித்தது. ஏன் அவ்வளவு காலம் என்பதே இந்த வாரக் கதை.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் பைசாந்தியத்து ஃபைலோ ஓர் ஆயுதத்தை விவரித்து எழுதினார். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த டயோனீசியஸ் அமைத்தது அது. கையால் சுற்றச் சுற்ற அம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எய்யும் எந்திரம். அதில் தட்டையான கண்ணிகள் கொண்ட சங்கிலி, ஐந்து முகப்புள்ள சக்கரங்களின் மேல் ஓடியது. வரலாற்றில் நமக்குத் தெரிந்த ஆகப் பழைய செயின் அமைப்பு இதுதான்.

அடுத்து சீனா. சோங் அரசின் தலைநகரான கைஃபெங்கில் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூ சோங் கட்டிய வானியல் கடிகாரக் கோபுரம் சுமார் 40 அடி உயரம். கீழே நீரால் சுழலும் பெரிய சக்கரம். மேலே, வானத்தின் சுழற்சியோடு ஒத்துச் சுற்ற வேண்டிய கோளக்கருவி. முதலில் இரண்டையும் நெட்டுக்குத்தான ஒரு நீண்ட தண்டால் இணைத்தார்கள். அது சரிப்படவில்லை. தண்டை எடுத்துவிட்டு முடிவில்லாச் சங்கிலி போட்டார்கள். அதற்கு வான ஏணி என்று பெயர் வைத்தார்கள். 1127-ல் ஜுர்ச்சென்கள் கைஃபெங்கைப் பிடித்தபோது கோபுரம் கழற்றப்பட்டது. சூ சோங் தன் எந்திரத்தைப் படங்களோடு நூலாக எழுதி வைத்திருந்ததால் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது.

லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளிலும் சங்கிலிப் படங்கள் உண்டு. அவற்றில் சில, இன்றைய சைக்கிள் செயினைப் பார்த்து வரைந்தவையோ என்று நினைக்க வைக்கும். ஆனால் அந்தத் தாள்கள் எந்தப் பட்டறைக்கும் போய்ச் சேரவில்லை. 1829-ல் பிரெஞ்சுக்காரரான ஆந்த்ரே காலே சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். தொழிலால் அவர் பதக்கங்கள் செதுக்குபவர். இரண்டு பக்கமும் தகடுகள், குறுக்கே பின்கள், அவ்வளவுதான் அவருடைய சங்கிலி. பல் நேரடியாகப் பின்னின் மேல் உரசும். மெதுவாகப் பளு தூக்க அது போதும். வேகமாக ஓடவிட்டால் தேய்ந்து போகும்.

தேய்மானம் என்பதுதான் இந்தக் கதையின் எதிரி. இனி வரும் எல்லாமே அதனோடு நடந்த சண்டை.

மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் பஞ்சாலை எந்திரங்களுக்குச் சங்கிலி செய்து விற்றுவந்தார். 1864-ல் அவர் காப்புரிமை பெற்ற சங்கிலியில் ஒவ்வொரு பின்னின் மேலும் ஓர் உருளை, அதாவது ரோலர், தன்போக்கில் சுழலும்படி மாட்டப்பட்டிருந்தது. பல் வந்து மோதும்போது ரோலர் உருண்டு கொடுக்கும். உரசல் உருட்டலாக மாறியது. ரோலரும் ஒரே இடத்தில் அடி வாங்காமல் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் வாங்கிக்கொண்டது. பல்லுக்கு ஆயுள் கூடியது.

ஆனால் ஒரு குறை மிஞ்சியது. ஒரு கண்ணி மடங்கும்போது எது எதன்மேல் திரும்புகிறது என்று பாருங்கள். உள்தகட்டின் துளை, பின்னின் மேல் திரும்புகிறது. தகட்டின் கனம்தான் அங்கே தாங்கும் பரப்பு. இன்று தொழிற்சாலைகளில் சாதாரணமாகப் புழங்கும் அரை அங்குலச் செயினில் அந்தத் தகடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். இரண்டு தகடும் சேர்ந்து மூன்று மில்லிமீட்டர். செயின் இழுக்கும் மொத்தப் பளுவும் அந்த மூன்று மில்லிமீட்டர் விளிம்பில் உட்கார்ந்தால், பின்னை அது அரத்தைப் போல அறுத்துவிடும். ஸ்லேட்டரின் சங்கிலி சீக்கிரம் தளர்ந்து போனதற்குக் காரணம் இதுவே.

1879-ல் ஸ்லேட்டரின் சிறிய தொழிலை வாங்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். 1852-ல் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் பிறந்தவர். சூரிச் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, 1873-ல் மான்செஸ்டர் வந்து, எந்திரங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் வணிகத்தில் வேலை பார்த்தவர். சங்கிலித் தொழிலை வாங்கிய மறு ஆண்டே, 1880-ல், அவர் ஒரு காப்புரிமை எடுத்தார். ஸ்லேட்டரின் சங்கிலியில் அவர் கூடுதலாகச் சேர்த்தது ஒரே ஒரு பொருள். பின்னுக்கும் ரோலருக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய். பட்டறைத் தமிழில் புஷ்.

அந்த புஷ் என்ன செய்தது என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். பழைய சைக்கிள் செயின் ஒன்று கிடைத்தால், அதுவும் சற்றுப் பழைய வகைச் செயினாக இருந்தால் நல்லது, கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணிகள் இரண்டு வகையாக மாறி மாறி வரும். உள்கண்ணியில் இரண்டு தகடுகள். அவற்றின் துளைகளில் இறுக்கி அடித்த இரண்டு புஷ்கள். புஷ்களின் மேல் தளர்வாகச் சுழலும் இரண்டு ரோலர்கள். வெளிக்கண்ணியில் இரண்டு தகடுகள், அவற்றில் இறுக்கி அடித்த இரண்டு பின்கள். பின், புஷ்ஷுக்குள் நுழைகிறது. இப்போது கண்ணி மடங்கும்போது திரும்புவது தகட்டின் விளிம்பு அல்ல. புஷ்ஷின் உட்சுவர் முழுவதும் பின்னின் மேல் திரும்புகிறது. அதே அரை அங்குலச் செயினில் புஷ்ஷின் நீளம் சுமார் 11 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் தாங்கிய பளுவை இப்போது 11 மில்லிமீட்டர் பங்கிட்டுக்கொள்கிறது. தாங்கும் பரப்பு மூன்று மடங்குக்கு மேல். புஷ்ஷையும் பின்னையும் மேற்பரப்பு கடினமாகும்படி பதப்படுத்திவிட்டால் தேய்மானம் இன்னும் குறையும்.

ரெனால்ட் தேய்மானத்தை ஒழிக்கவில்லை. அது யாராலும் ஆகாத காரியம். அது எங்கே நடக்க வேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார். வெளியே பல்லிலும் தகட்டு விளிம்பிலும் நடந்துகொண்டிருந்ததை, எண்ணெய் தங்கி நிற்கக்கூடிய ஒரு மூடிய இடுக்குக்குள் கொண்டுபோய் வைத்தார். 19ஆம் நூற்றாண்டின் எந்திரக் கலையில் இவ்வளவு சிறிய பொருளால் இவ்வளவு பெரிய மாற்றம் வந்த இடங்கள் அதிகமில்லை என்பது என் கணிப்பு. ஐந்து உறுப்புகள் கொண்ட அந்த அமைப்பு இன்றும் தொழிற்சாலைச் செயின்களில் அப்படியே இருக்கிறது. மாறியவை உலோகமும் அளவுத் துல்லியமும்தான்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் தேய்மானத்துக்கு வேறு விடை கண்டுபிடித்திருந்தார்கள். அயோவா மாநிலத்தில் விவசாயக் கருவிகள் விற்ற வில்லியம் டேனா ஈவர்ட், 1874-ல் கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய வார்ப்பிரும்புக் கண்ணிகளுக்குக் காப்புரிமை பெற்றார். அறுவடை எந்திரம் வயல் நடுவே நின்றுவிட்டால் விவசாயி ஒரு கண்ணியை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். வயலுக்கு அது பொருத்தமான விடை. வேகமாக ஓடும் எந்திரத்துக்கு ரெனால்டின் விடைதான் நின்றது.

இனி ஸ்பிராக்கெட்டின் பக்கம். செயின் ஸ்பிராக்கெட்டைச் சுற்றும்போது வட்டமாகச் சுற்றுவதுபோல் தெரியும். உண்மையில் அது ஒரு பலகோணத்தைத்தான் சுற்றுகிறது. ஒவ்வொரு கண்ணியும் ஒரு பக்கம். அதனால் சக்கரம் ஒரே சீரான வேகத்தில் சுற்றினாலும் செயின் ஒரே சீராக ஓடாது; பல்லுக்குப் பல் கொஞ்சம் வேகம் கூடிக் குறையும். ஃபைலோ சொன்ன ஐம்முகச் சக்கரத்தில் இந்த ஏற்ற இறக்கம் 19 சதவீதம் வரும். கையால் மெல்லச் சுற்றும் எந்திரத்தில் அது யாரையும் தொந்தரவு செய்யாது. 8 பல்லில் 7.6 சதவீதம், 11 பல்லில் 4 சதவீதம், 17 பல்லுக்கு வந்தால் 1.7 சதவீதம். வேகமாக ஓடும் எந்திரங்களில் சின்ன ஸ்பிராக்கெட்டுக்கும் 17 பல்லுக்குக் குறையாமல் வைக்கச் சொல்வது இதனால்தான். பல் குறைந்தால் உதறல், இரைச்சல், அதோடு ஒவ்வொரு கண்ணியும் அதிகக் கோணத்தில் மடங்குவதால் புஷ்ஷுக்குள் கூடுதல் தேய்மானம்.

17, 19, 21, 23 என்று ஒற்றைப்படையாகப் பல் வைப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் செயினில் மொத்தக் கண்ணிகள் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றைப்படை ஆக்க வேண்டுமானால் வளைந்த தகடுள்ள ஹாஃப் லிங்க் போட வேண்டும், அது பலம் குறைந்தது. 100 கண்ணிச் செயினை 20 பல் ஸ்பிராக்கெட்டில் ஓட்டினால், ஒரே கண்ணி ஒவ்வொரு சுற்றிலும் அதே பல்லைத்தான் சந்திக்கும். அந்தப் பல்லில் ஒரு பிசிறு இருந்தால் அதே கண்ணி எப்போதும் அடி வாங்கும். 17 பல் ஸ்பிராக்கெட்டில் ஓட்டினால், ஒரு கண்ணி அதே பல்லை மறுபடி சந்திக்கச் செயின் 17 முறை சுற்றி வர வேண்டும். தேய்மானம் எல்லாருக்கும் சமமாகப் பிரிகிறது.

ரெனால்டின் சங்கிலி பஞ்சாலைக்காகப் பிறந்தது. அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது சைக்கிள்.

1870களின் சைக்கிளில் மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. ஓட்டுபவரின் கால் நீளம்தான் எல்லை. 60 அங்குலச் சக்கரம் வைத்தால் ஒரு மிதிக்கு 4.8 மீட்டர் போகும். ஆனால் ஓட்டுபவர் ஆள் உயரத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு கல் தட்டினால் தலைகுப்புற விழுவார். பெண்களும் வயதானவர்களும் அதன் பக்கமே போக முடியாது.

1879-ல் ஹென்றி லாசன் என்ற ஆங்கிலேயர், மிதிகட்டையை நடுவில் வைத்துப் பின்சக்கரத்தைச் செயினால் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1885-ல் கவென்ட்ரி நகரின் ஜான் கெம்ப் ஸ்டார்லி அதே வழியில் ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தபோது காரியம் பலித்தது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சக்கரம் உள்ள ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். ஒரு மிதிக்குப் பின்சக்கரம் 2.44 சுற்று சுற்றும். வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். செயின் இல்லாமல் இந்தத் தூரம் போக 68 அங்குலச் சக்கரம் வேண்டும். அதன் மேல் ஏறி மிதிக்கும் அளவுக்குக் கால் நீளமான மனிதர் அபூர்வம். இரண்டு ஸ்பிராக்கெட்டுகளின் பல் எண்ணிக்கையை மாற்றியதால், கால் தரையில் எட்டும் உயரத்தில் அமர்ந்து அதே வேகத்தில் போக முடிந்தது. சைக்கிள் எல்லோருக்குமான வண்டி ஆனது அப்படித்தான்.

சைக்கிள் கடையிலிருந்து செயின் ஆகாயத்துக்கும் போனது. ஓஹையோவின் டேட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்ற ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானத்தில் எஞ்சின் ஒன்று, விசிறிகள் இரண்டு. எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் செயின் மூலமாகத்தான் சக்தி போனது. செயினை வாங்கியது இண்டியானாபோலிஸ் நகரின் டைமண்ட் செயின் கம்பெனியிடம். இரண்டு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பதால், ஒரு செயினைக் குழாய்களுக்குள் விட்டு எட்டு வடிவில் குறுக்கே திருப்பிவிட்டார்கள். கியர் வைத்திருந்தால் இதற்கு எத்தனை உறுப்பு தேவைப்பட்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். வேகக் குறைப்பு 23-க்கு 8. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றினால் விசிறி சுமார் 350 சுற்று.

அந்த நவம்பரில் கில் டெவில் ஹில்ஸ் மணல்மேட்டுக் கொட்டகையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, தண்டுகளில் திருகி மாட்டியிருந்த ஸ்பிராக்கெட்டுகள் தளர்ந்துகொண்டே இருந்தன. எஞ்சினின் சீரற்ற துடிப்பு அவற்றை உலுக்கிக் கழற்றியது. எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடின. கடைசியில் கைகொடுத்தது சைக்கிள் டயர் ஒட்டும் பசை. தண்டையும் ஸ்பிராக்கெட்டையும் சூடாக்கி, மரையில் பசையை உருக்கி ஊற்றி, திருகிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்பிராக்கெட் அசையவில்லை. அடுத்து தண்டு விரிசல் விட்டது. அதை மாற்றத் தம்பி ஆர்வில் டேட்டனுக்கே போய்த் திரும்பினார். டிசம்பர் 17 அன்று விமானம் நான்கு முறை எழும்பியது. முதல் முறை 12 வினாடி, கடைசி முறை 59 வினாடி.

மான்செஸ்டரில் ரெனால்டின் தொழிற்சாலை வளர்ந்தது. அவரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. 1896-லேயே தன் தொழிலாளர்களுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று குறைத்தார். இங்கிலாந்தின் பொறியியல் தொழிற்சாலைகளில் அதைவிட நீண்ட வாரமே வழக்கமாக இருந்த காலம் அது. களைத்த கையால் துல்லியமான புஷ் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1930-ல் அவருடைய நிறுவனம் கவென்ட்ரி செயின் கம்பெனியோடு இணைந்தது. 1943-ல் அவர் காலமானார்.

ரெனால்ட், டைமண்ட் ஆகிய இரண்டு கம்பெனிகளின் வழியும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1949-ல் முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் கூட்டுறவோடு டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தொடங்கியது. 1960களில் அதே குழுமம் டைமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து செயின் தயாரிப்பில் இறங்கியது. ரைட் சகோதரர்களுக்குச் செயின் விற்ற அதே டைமண்ட்தான். கோவையில் பஸ் கம்பெனியாகத் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ், ‘ரோலான்’ என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் செயின்களும் ஆலைச் செயின்களும் செய்து பெயர் பெற்றது. 2008-ல் அதன் ஆலைச் செயின் பிரிவில் பெரும்பங்கை வாங்கியது மான்செஸ்டரின் ரெனால்ட் நிறுவனம். சர்க்கரை ஆலையில் கரும்பை இழுத்துச் செல்லும் கன்வேயர், நெல் அறுவடை எந்திரம், பல மோட்டார் சைக்கிள்களின் எஞ்சினுக்குள் வால்வைத் திறக்கும் கேம் தண்டு, மாடிக்கு ஏற்றும் எஸ்கலேட்டர் எல்லாம் இன்று செயினில்தான் ஓடுகின்றன.

வண்டியோ எந்திரமோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகள். செயின் நீண்டுவிட்டது என்று சொல்வோமே, உண்மையில் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் துளித்துளியாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானமெல்லாம் கூடி நீளமாகத் தெரிகிறது. அரை அங்குலச் செயினில் 24 பின் இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். சைக்கிளில் அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டுவைத்தால், நீண்ட செயின் பல்லின் மேல்நுனியில் ஏறி ஓடி, பல்லைக் கொக்கிபோல வளைத்துத் தேய்த்திருக்கும். அதன் மேல் புதுச் செயின் போட்டால் தாவும், சில மாதத்தில் அதுவும் கெடும். அந்த நிலையில் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இரண்டாவது, எண்ணெய். செயினுக்கு வெளியே கிரீஸ் அப்பினால் அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு துளியும் போகாது. எண்ணெய் போக வேண்டிய இடம் ரெனால்ட் காட்டிய இடுக்கு, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே. வழி, உள்தகடும் வெளித்தகடும் உரசும் விளிம்பு. செயினைத் துடைத்துவிட்டு, அந்த விளிம்பில் கண்ணிக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, மெதுவாகச் சுற்றி, வெளியே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் 1895-க்குப் போகிறோம். ரோலரே இல்லாமல், தகடுகளையே பல்லாகச் செதுக்கி, இதே ரெனால்ட் செய்த ஓசையற்ற செயினின் கதை.